மைனஸ் 18 எப்படி 238 ஆகிறது

ஓசூரில் நான் பணிபுரியும் சிறு நிறுவனம் குளிர்பதனக் கிடங்குகளுக்கான கண்காணிப்புக் கருவிகளைச் செய்கிறது. கிருஷ்ணகிரிப் பக்கத்து மாங்கூழ் ஆலைகளும் ஓசூரைச் சுற்றியுள்ள ரோஜாப் பண்ணைகளும் எங்கள் வாடிக்கையாளர்கள். கிடங்கின் சுவரில் பொருத்திய, ஆர்ம் வகைச் செயலி கொண்ட சிறு கணினிப் பலகை (ஆர்ம் பலகை) வெப்பநிலையைப் பதிகிறது. அலுவலகத்தில் உள்ள விண்டோஸ் கணினி அதைத் திரையில் காட்டுகிறது. எல்லாக் கிடங்குகளின் பதிவுகளும் ஒரு லினக்ஸ் சர்வரில் வந்து சேர்கின்றன. பதிவை எழுதுவதும் படிப்பதும் மூன்று இடங்களிலும் ஒரே சி நிரல்தான்.

அந்த நிரல் முதலில் விண்டோஸுக்கென்று மட்டும் வேறொருவரால் எழுதப்பட்டு, பின்னர் எங்களிடம் வந்தது. இடத்தை மிச்சப்படுத்துவதற்காக அதில் வெப்பநிலையை ஒரே பைட்டில், வெறும் கேரக்டர் (char) வகையாக வைத்திருந்தார்கள். உறைய வைத்த மாங்கூழ் மைனஸ் 18 டிகிரி செல்சியஸில் இருக்க வேண்டும். ஆர்ம் பலகையில் ஓட்டியபோது அது 238 என்று வந்தது. இன்டெல் கணினிகளில் கேரக்டர் வகைக்கு வழக்கமாகக் குறி, அதாவது கூட்டல் கழித்தல் அடையாளம், உண்டு, மைனஸ் 128 முதல் 127 வரை கொள்ளும்; ஆர்ம் லினக்ஸில் ஜிசிசி என்ற கம்பைலர் (நிரலை இயந்திர மொழிக்கு மாற்றும் மென்பொருள்) அதைக் குறியில்லாததாக, 0 முதல் 255 வரை என்று கொள்கிறது. இரண்டு கம்பைலர்களிலும் பிழையில்லை, ஏனெனில் சி மொழியின் தரம் (standard) இந்த முடிவை அவற்றிடமே விட்டிருக்கிறது. குறியுள்ளது என்று பொருள்படும் ‘சைன்டு’ என்ற ஒரு சொல்லைச் சேர்த்ததும் எண் சரியாகிவிட்டது. ஆனால் கோப்பிலிருந்து ஒவ்வொரு பைட்டாக எடுத்து, அதையும் வெறும் கேரக்டரில் வைத்துக் கோப்பின் முடிவோடு ஒப்பிடும் சுழல் (loop) ஒன்றும் அதே நிரலில் இருந்தது. முடிவைக் குறிக்கும் மதிப்பு எதிர்மறை எண் என்பதால், ஆர்மில் அந்தச் சுழல் நிற்கவே நிற்காது.

தருமபுரிக் கல்லூரியிலிருந்து புதிதாக வந்த பையன், “என் சிஸ்டத்துல ஓடுதே சார்” என்றான். இத்தகைய பிழைகள் ஆண்டுக்கணக்கில் ஒளிந்திருப்பதற்கு அந்த நம்பிக்கையே காரணம் என்று நினைக்கிறேன்.

‘லாங்’ என்ற முழு எண் வகையின் கதையும் இதுதான். குறைந்தது 32 பிட் என்பதற்கு மேல் தரம் எதையும் சொல்வதில்லை. 64 பிட் விண்டோஸில் அது 4 பைட், 64 பிட் லினக்ஸில் 8 பைட். ஒரு கேரக்டரும் ஒரு லாங்கும் கொண்ட ஸ்ட்ரக்சர் (பல மதிப்புகளை ஒன்றாகக் கட்டிய தொகுப்பு) விண்டோஸில் 8 பைட்டும் லினக்ஸில் 16 பைட்டும் பிடிக்கும், இடையில் நிரப்பப்படும் வெற்றுப் பைட்டுகளும் இதில் அடங்கும். ஆகவே ஸ்ட்ரக்சரை அப்படியே கோப்பில் கொட்டினால் ஓரிடத்தில் எழுதியதை மற்றோரிடத்தில் படிக்க முடியாது. வெற்றுப் பைட்டுகளை நீக்கச் சொல்லிக் கம்பைலருக்குத் தரும் பிராக்மா கட்டளையைப் பலர் பரிந்துரைப்பார்கள். எண்ணின் பைட்டுகள் அடுக்கப்படும் வரிசை இயந்திரத்துக்கு இயந்திரம் மாறும் சிக்கலை அது தீர்ப்பதில்லை, சில சிறிய ஆர்ம் சில்லுகளில் ஒழுங்கற்ற முகவரியைப் படிக்கப்போய் நிரலே நின்றுவிடும் என்பதால் எனக்கு அது பிடிப்பதில்லை. 1999ஆம் ஆண்டுத் தரம் தந்த, அகலத்தைப் பெயரிலேயே சொல்லும் எண் வகைகளைக் கொண்டு, ஒவ்வொரு பைட்டாக நகர்த்தி எழுதுகிறோம். வரிகள் கூடுகின்றன, சந்தேகம் தீர்கிறது.

கோப்பை, பைட்டுகளை மாற்றாமல் அப்படியே கையாளும் பைனரி முறையில் திறக்காததன் விளைவு இதைவிட வேடிக்கையானது. டெக்ஸ்ட் முறையில் விண்டோஸ், வரி முடிவைக் குறிக்கும் 10 என்ற பைட்டை எழுதும்போது அதற்கு முன் 13ஐயும் சேர்க்கும்; படிக்கும்போது 26 என்ற பைட்டைக் கண்டால் கோப்பு முடிந்தது என்று கொள்ளும். எங்கள் பதிவிலோ அந்தப் பைட்டுகள் வெப்பநிலைகள். ரோஜா அறை 10 டிகிரிக்கு ஏறினால் பதிவு ஒரு பைட் நகர்ந்துவிடும். மின்வெட்டில் 26ஐத் தொட்டால், எந்தப் பகுதி ஆலைக்காரருக்கு அவசியமோ அது திரையில் வராது. லினக்ஸில் இரண்டு முறைகளுக்கும் வேறுபாடில்லை என்பதால் அங்கே சோதிப்பவருக்கு இது தெரியவே தெரியாது.

இயங்குதளத்துக்கேற்ப வரிகளைச் சேர்க்கவோ விடவோ செய்யும் ‘இஃப்டெஃப்’ கட்டளையை நிரல் முழுவதும் தூவுவதை நாங்கள் நிறுத்திவிட்டோம். சீரியல் போர்ட்டைத் திறப்பது, நேரம் கேட்பது, அடைவைப் (directory) படிப்பது ஆகியவற்றுக்கு ஒவ்வோர் இயங்குதளத்துக்கும் ஒரு கோப்பு. மற்றதெல்லாம் தரத்துக்குள் நிற்கும் சி. பலகையின் ரெஜிஸ்டர்களை (வன்பொருளைக் கட்டுப்படுத்தும் சிறு நினைவிடங்களை) நேராகத் தொடும் பகுதியை வேறெங்கும் ஓடுமாறு எழுத முயல்வது வீண் உழைப்பு. அது தனி அடைவில் இருக்கிறது. மைக்ரோசாஃப்ட் கம்பைலர் ஏற்காததால், ஓடும்போது நீளம் முடிவாகும் அணிகளையும் (array) தவிர்க்கிறோம். ஆர்ம் பலகை கையில் இல்லாதவர்கள்கூட, கேரக்டரைக் குறியில்லாததாக்கும் ஜிசிசி விருப்பத்தோடு தங்கள் கணினியிலேயே நிரலை ஒருமுறை கம்பைல் செய்து பார்த்துவிட வேண்டும் என்பது இப்போது எங்கள் வழக்கம்.

இன்னும் தீராதது நேரம். 1970 தொடக்கத்திலிருந்து எண்ணப்படும், குறியுள்ள 32 பிட் விநாடிக் கணக்கு 2038 ஜனவரி 19இல் நிரம்பிவிடும் என்பதால், பதிவில் நேரத்துக்கு 64 பிட் வேண்டும் என்கிறேன். ஒவ்வொரு பதிவிலும் நான்கு பைட் கூடுவதை வன்பொருள் பிரிவினர் விரும்பவில்லை. குறியில்லா 32 பிட்டே 2106 வரை தாங்கும் என்கிறார்கள். அவர்கள் கணக்கு சரிதான். ஆனால் 64 பிட் விண்டோஸிலும் 64 பிட் லினக்ஸிலும் இன்றைய நேர வகை குறியுள்ள 64 பிட் என்பதால், மாற்றும் இடத்தில் யாராவது குறியுள்ள 32 பிட்டை இடையில் நுழைத்துவிடுவார்கள் என்ற அச்சம் எனக்கு இருக்கிறது. அடுத்த மாங்காய்ப் பருவத்துக்கு முன் இதை முடிவு செய்தாக வேண்டும்.