உங்க லைப்ரரில இல்லன்னா விட்டுடாதீங்க

ரிசர்ச் பண்றவங்க நிறைய பேர் ஒரு பேப்பர் கிடைக்கலன்னா அப்படியே விட்டுடறாங்க, பாக்கவே வருத்தமா இருக்கு. இன்டர்லைப்ரரி லோன்னு ஒண்ணு இருக்குங்க, உங்க லைப்ரரியன்கிட்ட தலைப்பு, ஜர்னல் பேரு, வருஷம், பக்க எண் குடுங்க, அவங்க வேர்ல்ட்கேட் மாதிரி பல லைப்ரரிங்களுக்குப் பொதுவான கேட்லாக்ல தேடி எந்த யுனிவர்சிட்டில இருக்குன்னு பாத்து கேட்டு வாங்குவாங்க, புத்தகம்னா பார்சல்ல வரும், கட்டுரைன்னா ஸ்கேன் பண்ணி அனுப்பிடுவாங்க.

1997ல அமெரிக்காவுல கொலராடோ ஸ்டேட் யுனிவர்சிட்டி லைப்ரரிக்குள்ள வெள்ளம் புகுந்து லட்சக்கணக்கான புத்தகமும் ஜர்னலும் நனைஞ்சு போச்சு. அப்போ மத்த லைப்ரரிங்கதான் கட்டுரைகள அனுப்பி கைகுடுத்தாங்க, அதுலேர்ந்து பொறந்ததுதான் ரேபிட்ஐஎல்எல், அதாவது லைப்ரரிங்க தங்களுக்குள்ள கட்டுரைகள வேகமா அனுப்பிக்கற சிஸ்டம் (எனக்கு ரொம்ப பிடிச்ச கதை இது).

முழு புத்தகத்தையும் ஸ்கேன் கேக்காதீங்க, காப்பிரைட் இடிக்கும், ஒரு அத்தியாயம்னா பெரும்பாலும் கிடைச்சிடும்.