இடிக்கப்பட்ட வீட்டை மீண்டும் எழுப்புதல்

பிரெஞ்சு இயக்குநர் ழாக் தத்தியின் 'மோன் ஓன்க்ல்' (1958) படத்தில் ஆர்ப்பேல் குடும்பம் வசிக்கும் நவீன வீட்டை மூன்று மாதங்களாக பிளெண்டர் என்ற முப்பரிமாண வடிவமைப்பு மென்பொருளில் கட்டிவருகிறேன். ழாக் லக்ரான்ஜ் வடிவமைக்க, பிரான்சின் நீஸ் நகரிலுள்ள விக்டோரின் ஸ்டுடியோவில் அரங்கமாக எழுப்பப்பட்டு, படப்பிடிப்பு முடிந்ததும் இடிக்கப்பட்ட வீடு அது. ஆகவே போய் அளந்துபார்க்கச் சுவர் ஏதும் இல்லை. படத்தின் காட்சிகளை ஒவ்வொன்றாக நிறுத்தி, வாசலில் நிற்பவர்களின் உயரத்தை அளவுகோலாக வைத்தே கதவுகளையும் மாடியையும் கணக்கிட வேண்டியிருந்தது.

வெண்சாம்பல் நிறப் பெட்டி போன்ற சுவர்கள் ஓரிரு நாளில் முடிந்துவிட்டன. தோட்டம்தான் மாதக்கணக்கில் இழுத்தது. வாயிலுக்கும் வீட்டுக்கும் நடுவே வேண்டுமென்றே வளைந்து செல்லும் நடைபாதையின் ஒரு வளைவு சற்றே பிசகினாலும், விருந்தினர் வந்தால் மட்டும் நீர் பீய்ச்சும் அந்த உலோக மீன், இருக்க வேண்டிய இடத்தை விட்டு விலகிவிடுகிறது.

மாடியின் இரு வட்டச் சன்னல்களுக்கு நேற்றிரவு உள்ளிருந்து ஒளியூட்டினேன். ஒவ்வொன்றிலும் ஒரு தலையின் நிழலுருவை வைத்துச் சற்றே பக்கவாட்டில் நகர்த்தியதும், படத்தில் கண்டதைப் போலவே அந்த வீடு விழிகளை உருட்டித் தெருவைப் பார்த்தது. நெடுநேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன்.