உட்காரச் சொல்லாத வகுப்பு

சட்டக் கல்லூரியில் எங்களுக்குப் பாடம் எடுத்த சார் போய்விட்டார் என்று குழுவில் செய்தி வந்தபோது, டொராண்டோவில் வேலை முடிந்து பஸ்ஸுக்கு நின்றுகொண்டிருந்தேன். நினைவு மலருக்கு ஏதாவது எழுதுங்கள் என்றார்கள். எனக்கு எழுத ஒரே ஒரு வகுப்புதான் இருக்கிறது.

மூன்றாம் ஆண்டு, சாப்பாட்டுக்குப் பிந்தைய வகுப்பு, அந்தக் கடைசி அறை. "தண்டனை ஆனவனுக்கு என்ன உரிமை இருக்கு?" என்று சார் கேட்டார். "ஒன்றும் கிடையாது சார்" என்றேன். சிலர் சிரித்தார்கள். சார் சிரிக்காமல் தீர்ப்புத் தொகுப்பை என்னிடம் நீட்டி, சத்தமாகப் படி என்றார். சுனில் பத்ரா வழக்கு, எழுதியவர் நீதிபதி வி.ஆர். கிருஷ்ணய்யர். அவருடைய இங்கிலீஷ் லேசில் வாயில் வராது, எனக்கு வரிக்கு வரி நாக்குத் தடுக்கியது, காதெல்லாம் சுட்டது, மணி அடித்த பிறகும் சார் உட்காரச் சொல்லவில்லை.

ஆனால் விஷயம் உள்ளே இறங்கிவிட்டது. திகார் சிறையில் தூக்குத் தண்டனைக் கைதியாக இருந்த பத்ரா, இன்னொரு கைதியைச் சிறைக் காவலரான வார்டர் சித்திரவதை செய்ததைப் பற்றி உச்ச நீதிமன்ற நீதிபதிக்கு ஒரு கடிதம் எழுதுகிறார். வக்கீல் கிடையாது, வக்காலத்து கிடையாது. அந்தக் கடிதத்தையே ரிட் மனுவாக, அதாவது அடிப்படை உரிமை கேட்டு நேரடியாகப் போடும் மனுவாக எடுத்துக்கொண்டு 1979 டிசம்பரில் தீர்ப்புச் சொன்னார்கள்.

அப்புறம்தான் சார் கிருஷ்ணய்யரின் கதையைச் சொன்னார். தலச்சேரியில் 1938 முதல் வக்கீல். 1948இல் கம்யூனிஸ்டுகளுக்கு உதவினார் என்று அவரையே ஒரு மாதம் உள்ளே வைத்தார்கள். மலபார் நம்மோடு இருந்த 1952இல் கூத்துப்பரம்பிலிருந்து சென்னை சட்டமன்றத்துக்கு வந்தார். 1957இல் கேரள முதல்வர் இ.எம்.எஸ். நம்பூதிரிபாட் அமைச்சரவையில் சட்டம், உள்துறையோடு சிறைத்துறையும் அவரிடம்தான். 1968இல் கேரள உயர் நீதிமன்றம், 1973இல் உச்ச நீதிமன்றம். இந்திரா காந்தியின் தேர்தல் செல்லாது என்ற தீர்ப்புக்கு 1975 ஜூன் 24 அன்று அவர் கொடுத்த நிபந்தனைத் தடையைத்தான் எல்லோரும் பேசுவார்கள், சாருக்கு அது பெரிதில்லை. "உள்ளே இருந்து பார்த்தவர்யா, அதான் கைதியோட லெட்டரை அவரால படிக்க முடிஞ்சுது" என்றார்.

படித்து முடித்து எட்டு மாதம் ஒரு சீனியரிடம் ஜூனியராக இருந்தேன். ஒரு நாள் இன்லண்ட் லெட்டர் ஒன்று வந்தது, பென்சிலில் எழுதி, சிறை முத்திரையோடு. "ஐயா, என் ஜாமீன் மனு என்ன ஆச்சு?" அவ்வளவுதான். மறுநாள் பார்த்துக்கொள்ளலாம் என்று வழக்குக் கட்டுக்குள் சொருகினேன். அந்த வாரமே விசா வந்தது, கிளம்பிவிட்டேன்.

கடைசியாக ஊருக்குப் போனபோது சாரைப் பார்த்தேன். பார்வை போயிருந்தது, குரலை வைத்தே கண்டுபிடித்துவிட்டார். "எந்த கோர்ட்டுல இருக்கே?" என்று கேட்டார். இன்சூரன்ஸ் கம்பெனியில் இருக்கிறேன் என்றேன். சரி, சரி என்று என் கையைத் தட்டிக்கொடுத்தார். அந்த லெட்டரைப் பற்றி அவரிடம் சொல்ல வேண்டும் என்றுதான் போயிருந்தேன். காபி வந்தது, குடித்துவிட்டு எழுந்து வந்துவிட்டேன்.