சீலில் கட்டடத்தின் பெயரை வெட்டாதீர்கள்

கொழும்பு வெள்ளவத்தையில் காலி வீதியிலிருந்து கடற்கரைப் பக்கம் இறங்கும் ஒழுங்கை ஒன்றில் ஏழு மாடி, 22 வீடு. எங்கள் தொடர்மாடிக்கு, வீட்டுச் சொந்தக்காரர் எல்லோரும் சேர்ந்த அமைப்பான முகாமைத்துவக் கூட்டுத்தாபனத்தின் பெயரில் வங்கிக் கணக்கு திறந்து முடிந்தது போன மாதம்தான். நாலு மாதம் முந்தியே முடிந்திருக்கும். கெடுத்தது ஒரு ரப்பர் சீல்.

தனித்தனி வீடுகளையும் பொதுப் பகுதிகளையும் காட்டும் கொண்டோமினியம் பிளான் காணிப் பதிவகத்தில் பதிவாகிற அன்றைக்கே கூட்டுத்தாபனம் சட்டப்படி பிறந்துவிடுகிறது. தொடர்மாடி வீட்டுச் சொந்தம் பற்றிய 1973ஆம் ஆண்டின் 11ஆம் இலக்கச் சட்டமும் அதன் பின்வந்த திருத்தங்களும் அப்படித்தான் வைத்திருக்கின்றன. பெயரும் அப்போதே முடிவு: 'முகாமைத்துவக் கூட்டுத்தாபனம், கொண்டோமினியம் பிளான் இலக்கம் இன்னது'. வாசலில் பொன்னெழுத்தில் மின்னுகிற 'ரெசிடென்சி' பெயருக்கு அங்கே இடமில்லை. எங்கள் ஆட்கள் கூட்டறிக்கை, கடிதத்தாள், சீல் எல்லாவற்றிலும் அந்தப் பொன்னெழுத்துப் பெயரையே போட்டிருந்தார்கள். வங்கியில் தாள்களைப் புரட்டிப் பார்த்தவர், "இப்படி ஒரு பெயர் எங்கேயும் பதிவில் இல்லையே, ஐயா" என்று கோவையைத் திருப்பித் தள்ளினார். கோபம் வந்தது, ஆனால் அவர் சொன்னது சரி. கூட்டறிக்கையில் வெள்ளை மை பூசித் திருத்த முடியாது. கமிட்டியைத் தெரிவுசெய்த சொந்தக்காரர் கூட்டத்தையே திரும்பக் கூட்ட வேண்டும்.

திரும்பக் கூட்டுவது லேசான வேலையில்லை. 22 வீட்டில் ஒன்பதின் சொந்தக்காரர் ரொறன்ரோவிலும் லண்டனிலும். இங்கே இருப்பவர்கள் வாடகைக்காரர். மாதப் பராமரிப்புக் காசை அவர்களே கட்டினாலும் வாக்கு அவர்களுக்கு இல்லை. தங்களுக்குப் பதில் இன்னார் வாக்களிப்பார் என்கிற பதிலாள் படிவத்தைக் கையெழுத்து வைத்து வட்ஸ்அப்பில் படமாக அனுப்பினார்கள் சிலர். படத்தைக் கோவையில் போட்டால் பிறகு யாராவது தேர்தலே செல்லாது என்று கிளம்புவார்கள். மூலப் பிரதி வரட்டும் என்று காத்திருந்தோம். வீட்டின் உறுதிப் பத்திரத்தில் கணவன் மனைவி இருவர் பெயரும் இருந்தால் படிவத்திலும் இரண்டு கையெழுத்தும் வாங்கிவிடுங்கள். இதற்காக மட்டும் ஒரு படிவம் இரண்டு தரம் பறந்தது.

சொந்தக்காரர் யார் என்பதை வாய்ச்சொல்லில் நம்ப வேண்டாம். கொண்டோமினியத்தில் ஒவ்வொரு வீட்டுக்கும் பதிவகத்தில் தனி ஏடு இருக்கிறது. அதன் பிரதியை எடுத்துப் பாருங்கள். எங்களிடம் இரண்டு வீட்டில் ஆள் குடியிருக்கிறார், காசும் முழுக்கக் கொடுத்துவிட்டார், ஆனால் உறுதி முடிக்கவில்லை. கையில் இருப்பது விற்பனை உடன்படிக்கை மட்டும். அந்த இரண்டுக்கும் பதிவில் சொந்தக்காரர் இன்னும் கட்டடத்தைக் கட்டினவர்தான், வாக்கும் அவருக்குத்தான். அதே காரணத்தால் நிலுவையும் அவர் கணக்கில்தான் ஏறும் என்று எழுதிக் கொடுத்த பிறகுதான் நொத்தாரிசைக் கூப்பிட்டு உறுதி முடிக்க அவருக்கு நேரம் கிடைத்தது.

இதற்கு முந்தின கட்டம், அதாவது அனுமதித்தபடியே கட்டியிருக்கிறது என்கிற மாநகர சபையின் இணக்கச் சான்றிதழ், நில அளவையாளரின் பிளான், கூட்டு ஆதன முகாமைத்துவ அதிகாரசபையின் சான்று, பதிவு எல்லாம், மொட்டைமாடியில் அனுமதியில்லாமல் எழுப்பிய ஓர் அறையை இடிக்கும் வரைக்கும் இழுபட்டு, இடித்ததும் ஓடிவிட்டது. வீடு வாங்கப் போகிறவர்கள் முதலில் கேட்க வேண்டியது இணக்கச் சான்றிதழைத்தான். அது வராமல் பிளான் பதிவாகாது. பிளான் பதிவாகாத கட்டடத்தில் எந்தக் கமிட்டி இருந்தாலும் அது நண்பர்கள் சங்கம்தான். மாதக் காசு தராத ஆளை அது ஒன்றும் செய்ய முடியாது.

பதிவுப் பிரதி எடுக்கப் போன ஓர் அலுவலகத்தில் முதல் நாள் பிளானின் போட்டோகொப்பி செல்லாது, அத்தாட்சிப்படுத்தியது வேண்டும் என்றார்கள். இரண்டாம் நாள் அதைக் கொண்டு போனால் பொதுமக்கள் நாள் இல்லையாம். மூன்றாம் நாள் லிகிதர் லீவு. போன் எடுத்து, என்ன கிழமை, எந்த மேசை, எத்தனை பிரதி என்று மூன்றையும் கேட்டுவிட்டுப் புறப்படுங்கள்.

சண்டை அதிகம் வந்தது மாதக் காசில். அதுவரை எல்லா வீட்டுக்கும் ஒரே தொகை. சட்டம் கேட்பது பிளானின் அட்டவணையில் உள்ள பங்குப் பெறுமதிப்படி. கணக்கு சிக்கலில்லை: மாதச் செலவு 360,000 ரூபா, மொத்தப் பங்கு 1000 என்று வையுங்கள், 45 பங்குள்ள வீட்டுக்கு 16,200, 38 பங்குள்ளதற்கு 13,680. பெரிய வீட்டுக்காரர் ஒருவர், "லிப்டில் நான் என்ன இரண்டு தரமா ஏறுகிறேன்?" என்று கேட்டார். அட்டவணையைப் பெரிதாக்கி அச்சடித்து லிப்ட் கதவுக்குப் பக்கத்தில் ஒட்டிய பிறகு அந்தக் கேள்வி வரவில்லை. லிப்ட் மாற்ற, மொட்டைமாடிக்கு நீர்த்தடுப்புப் பூச என்று வருகிற பெருஞ்செலவுக்கு ஒரு பங்கை ஒதுக்கித் தனிக் கணக்கில் போடுங்கள். ஏழாம் மாடியில் ஒழுகினால் ஏழாம் மாடிக்காரர் பாடு என்பது பிழை. கூரை எல்லோருக்கும் பொது.

பார்க்கிங் இன்னொரு பொறி. பிளானில் அது துணைப் பகுதியாக வீட்டோடு இணைந்திருந்து, அந்த இலக்கம் உறுதியிலும் எழுதப்பட்டிருந்தால்தான் உங்களுடையது. எங்களில் மூன்று பேருக்குக் கட்டினவர் விரலால் காட்டிக் கொடுத்த இடம் பிளானில் பொதுப் பகுதி. இப்போது அந்த மூன்றும் விருந்தினர் பார்க்கிங். மூவரில் ஒருவர் இன்னும் பேசுவதில்லை.

பழைய கமிட்டி சேர்த்த காசு இரண்டு பேரின் கூட்டுச் சேமிப்புக் கணக்கில் கிடந்தது. ஒருவர் கனடா போய்விட்டார். தன் சார்பில் கையெழுத்து வைக்க இன்னொருவருக்கு அவர் அற்றோணித் தத்துவம் எழுதி அனுப்பும் வரை அந்தக் காசு தொட முடியாத காசு. தற்காலிகமாக என்றாலும் தனியாள் கணக்கில் பொதுக் காசைப் போட விடாதீர்கள்.

கணக்கு திறந்ததும் முதலில் செய்தது கட்டடத்துக்குத் தீக்காப்புறுதி. அடுத்தது பொது மின்மானி. லிப்ட், சம்ப் மோட்டார், படிக்கட்டு விளக்கு எல்லாம் அந்த ஒரு மானியில், அது கட்டினவரின் பெயரில். கடைசி எச்சரிக்கையான சிவப்பு பில் அவருடைய பழைய விலாசத்துக்குப் போய், ஒரு வெள்ளிக்கிழமை பின்னேரம் கரண்ட் வெட்டிவிட்டார்கள். லிப்டும் இல்லை, மேல் தாங்கிக்குத் தண்ணீரும் ஏறவில்லை. பெயர் மாற்ற விண்ணப்பத்தோடு கேட்பவை பிளான் பிரதி, கூட்டறிக்கை, சீல் குத்திய கடிதம். சீலில் இந்தத் தடவை பிளான் இலக்கம் சரியாக இருந்தது.