ஆறு முட்டையும் டெல்ஃப் பி1 தேர்வும்

பாரிஸில் ஓர் உணவகத்தில் கோப்பை கழுவிக்கொண்டே டெல்ஃப் பி1 என்ற பிரெஞ்சு மொழித் தேர்வுக்குப் படித்தேன். முட்டைக்கு 'எஃப்' என்று பாடமாக்கி வைத்திருந்தேன். ஒருநாள் சமையல்காரர் "சீஸே!" என்று கத்தினார். நான் சீஸ் கட்டியைத் தூக்கிக்கொண்டு ஓடினேன். அவர் கேட்டது ஆறு முட்டை.

ஒரு முட்டை என்றால் கடைசி ஃப் ஒலிக்கும். பன்மையில் ஃப் இல்லை, ஸ் இல்லை, உயிரொலி மட்டும்தான் மிச்சம். நாக்கை 'ஏ'க்கு வைத்து உதட்டை 'ஓ'வுக்குக் குவித்தால் அது வரும். பழைய பிரெஞ்சில் கடைசி மெய்களையும் சொல்லித்தான் பேசினார்கள். பன்மை ஸ் வந்து ஒட்டியதும் முன்னிருந்த ஃப் விழுந்தது, பிறகு ஸ்ஸும் விழுந்தது. எழுத்து மட்டும் அப்படியே நிற்கிறது. நாமும் 'இருக்கிறது' என்று எழுதிவிட்டு 'இருக்கு' என்றுதானே சொல்கிறோம். ஆனால் அடுத்த சொல் உயிரில் தொடங்கினால், விழுந்த மெய் எழும்பி வரும். ஆறு தனியே 'சீஸ்', ஆறு புத்தகம் 'சீ லீவ்ர்', ஆறு முட்டையில் ஸ் மறுபடியும் வந்துவிடும், கொஞ்சம் அதிர்வோடு.

அன்றிலிருந்து சும்மா பாடமாக்குவதை விட்டு, எந்த எழுத்து ஏன் ஊமையானது என்று தேடத் தொடங்கினேன். அப்படித் தேடியது மறக்கவில்லை.

வெங்காயத்தைப் பாருங்கள், எழுதுவது oignon. எழுத்தை நம்பி 'உவாஞோன்' என்பேன். சரியான உச்சரிப்பு 'ஒஞோன்'. நடுவிலுள்ள ஐ (i) அங்கே உயிரெழுத்தே இல்லை. ஒருகாலத்தில் ஞ ஒலியைக் காட்ட ஐ, ஜி, என் மூன்றையும் சேர்த்து எழுதினார்கள். 1990 எழுத்துத் திருத்தத்தின்படி அந்த ஐ இல்லாமலும் எழுதலாம். மணிக்கட்டுக்கான சொல்லும் இதே வகை, முன்பு 'பொஞே'. எழுத்தைப் பார்த்துப் பார்த்துப் பிரெஞ்சுக்காரர்களே அதை 'புவாஞே' ஆக்கிவிட்டார்கள். வெங்காயத்தில் நான் விட்ட அதே பிழை, அவர்களுடையது அகராதியில் ஏறிவிட்டது!

'உவா' ஒலிக்கும் ஒரு கதை உண்டு. 1789 புரட்சிக்கு முன் அரசவையில் ராஜாவை 'ருவே' என்றார்கள். 'ருவா' பாரிஸ் சாதாரண சனத்தின் பேச்சு. புரட்சிக்குப் பின் அதுவே நல்ல பிரெஞ்சு ஆனது. கனடாவின் கியூபெக்கில் யாராவது, 'என்னை' என்று பொருள்படும் 'முவா'வை 'முவே' என்றால் சிரிக்காதீர்கள், அது பழைய உச்சரிப்பு.

இவ்வளவு தேடியும் பேச்சுத் தேர்வில் சறுக்கினேன். மூன்றாம் பகுதிக்கு மட்டும் 10 நிமிடம் தயாரிக்கத் தருவார்கள். எனக்கு வந்த பத்தி நகர வாழ்க்கை பற்றியது. நகரம் 'வீல்'. நான் மகளைச் சொல்லும் 'ஃபீய்' போல 'வீய்', 'வீய்' என்று நாலு தடவை சொன்னேன். தேர்வாளரின் புருவம் ஏறியபோதுதான் உறைத்தது. மகள், குடும்பம் என்ற சொற்களில் வரும் இரட்டை எல் முன்பு 'ல்ய' போன்ற ஒலி, மெல்ல 'ய்' ஆனது. 19ஆம் நூற்றாண்டில் அகராதிக்காரர் லித்ரே பழைய ஒலிக்காக வாதாடியும் பலிக்கவில்லை. நகரம், ஆயிரம், அமைதியான என்ற மூன்று சொற்களிலும் ல் அப்படியே இருக்கிறது. இதை மட்டும் பாடமாக்கித்தான் ஆகவேண்டும்.

அப்புறம், உச்சரிப்பைத் தமிழில் குறித்து வைக்காதீர்கள். மேலே, கீழே இரண்டையும் என் கொப்பியில் 'தெசு' என்றே எழுதியிருந்தேன். மேலே என்பதற்கு நாக்கு 'ஈ'யில், உதடு 'ஊ'வில் இருக்க வேண்டும். கீழே என்பதற்கு வெறும் 'ஊ' போதும். அந்தக் கொப்பியை நம்பி, மேல்தட்டில் வைக்கச் சொன்ன தட்டுகளை ஒரு வாரம் கீழே அடுக்கினேன்.