பனங்காய்க் காலத்துக் குசினி

09.08.2025
வன்னியில் பனங்காய் விழத் தொடங்கிவிட்டது. பணியாரத்துக்கு நல்ல காயைத் தெரிந்தெடுத்தாலே பாதி வேலை முடிந்த மாதிரி. கைப்பு மரத்துக்கு மரம் மாறும். பழச்சதையான களியில் இருக்கும் ஃபிளாபெலிஃபெரின் என்ற கைப்புப் பொருள்தான் அதற்குக் காரணம். தோலை உரித்ததும் நுனிவிரலால் தொட்டு நக்கிப் பாருங்கள். தொண்டையில் கைப்பு நின்றால் அந்தக் காய் மாட்டுக்கு. சீனியை அள்ளிப் போட்டாலும் இனிப்புக்குப் பின்னால் அது வந்தே தீரும்.

தண்ணீரைத் தெளித்துத் தெளித்துப் பிசைந்து களி எடுத்து, துணியில் வடிக்க வேண்டும். அரிதட்டென்றால் மெல்லிய தும்பு தப்பி வந்துவிடும். 2 கோப்பை களிக்கு முக்கால் கோப்பை சீனி, கால் தேக்கரண்டி உப்பு. அடி கனத்த தாச்சியில், மெல்லிய நெருப்பில், கை விடாமல் துழாவிக் காய்ச்சுங்கள். பச்சை மணம் போய், அகப்பையிலிருந்து கட்டியாக விழும்போது இறக்கி முற்றாக ஆறவிட வேண்டும். பொறுமையில்லாமல் சூட்டோடு மாவைக் கொட்டினால் மா அவிந்து, பணியாரம் றப்பர் போல இழுபடும்.

ஆறிய களிக்கு வறுத்த அரிசிமா 1 கோப்பை, கோதுமை மா அரைக் கோப்பை. இதை ஒரேயடியாகப் போடாதீர்கள், களியின் தண்ணீர்த்தன்மை காய்க்குக் காய் வேறு. விரலால் கிள்ளிவிட்டால் உருண்டையாக விழும் பதம் போதும். மா கூடினால் கல்லாகும், குறைந்தால் எண்ணெய் குடிக்கும்.

சீனி சேர்ந்த மா கெதியில் கறுக்கும் என்பதால் எண்ணெய் நடுத்தரச் சூட்டில் இருக்கட்டும். முதலில் ஒன்றைப் போட்டுப் பாருங்கள்: அடியில் போய் ஆறுதலாக மேலே வந்தால் சரி. போட்டதும் துள்ளி மிதந்தால் வெளியே கருகி உள்ளே பச்சையாக இருக்கும். ஆற முதல் மூடி வைத்தால் வேர்த்துப் பூஞ்சணம் பிடிக்கும். சுட்ட அன்றைவிட அடுத்த நாள்தான் ருசி, அதுவரை மிஞ்சினால்!

16.08.2025
வட்டிலப்பம், முட்டையும் தேங்காய்ப்பாலும் சேர்த்து ஆவியில் அவிக்கும் இனிப்பு. முஸ்லிம் வீடுகளில் கித்துள் பனையின் கருப்பட்டியில் செய்வார்கள். இங்கே கைக்குக் கிடைப்பது பனங்கட்டி. அதிலும் வரும், ஆனால் வடிக்காமல் விடக்கூடாது. பதநீர் புளிக்காமலிருக்க முட்டியில் சுண்ணாம்பு பூசுவதால் கட்டியில் மண்டி இருக்கும்.

250 கிராம் பனங்கட்டியைக் கால் கோப்பை தண்ணீரில் கரைத்து வடித்து ஆறவிடுங்கள். 6 முட்டையை நுரை எழும்பாமல் கலக்கி, ஆறிய பாகு, ஒன்றரைக் கோப்பை தேங்காய் முதற்பால், ஏலக்காய், சாதிக்காய்த்தூள் சேர்த்து இன்னொருமுறை வடிக்க வேண்டும். பாகு சூடாக இருந்தால் முட்டை அங்கேயே திரளும். மூடியைத் துணியால் சுற்றினால் ஆவித்தண்ணீர் மேலே சொட்டாது. மெல்லிய ஆவியில் 40 நிமிடமளவில் அவியும். தண்ணீர் தளதளவென்று கொதித்தால் முட்டை இறுகி, ஓட்டை விழுந்து, அடியில் தண்ணீர் பிரியும். பலர் பால் கூடிவிட்டது என்று நினைப்பது இதைத்தான்.

24.08.2025
ஒடியற்கூழ், ஆறு பேருக்கு. 200 கிராம் ஒடியல்மாவை (காயவைத்த பனங்கிழங்கின் மா) நிறையத் தண்ணீரில் ஊறவிட்டு, தெளிந்த மேல்தண்ணீரை இரண்டுமுறை ஊற்றிவிடுங்கள். கைப்பு அதோடு போகும்.

3 லீற்றர் தண்ணீரில் ஒரு பிடி அரிசி, பலாக்கொட்டை, மரவள்ளி, பயற்றங்காய் முதலில் அவியட்டும். மரவள்ளியின் நச்சு ஆவியோடு போக வேண்டும் என்பதால் பானையை மூட வேண்டாம். பிறகு மீன்தலை, துண்டாக்கிய நண்டு, கடைசியாக 250 கிராம் இறால். முந்திப் போட்டால் இறால் தோலாகிவிடும். முல்லைத்தீவுப் பக்கம் காலையில் வாங்கியதென்றால் வேறு மசாலா தேவையில்லை, 12 செத்தல் மிளகாயும் மஞ்சளும் அரைத்தது போதும்.

தேசிக்காயளவு பழப்புளியைக் கரைத்து விடுவது மரவள்ளியை நசித்துப் பார்த்த பிறகுதான். புளி விழுந்தபின் கிழங்கு இலேசில் அவியாது. ஒடியல்மாவையும் பச்சைத்தண்ணீரில் கரைத்தே ஊற்ற வேண்டும், உலர்மா கொதியில் விழுந்தால் கட்டிபடும். ஊற்றியபின் 10 நிமிடம் துழாவுங்கள். ஆற ஆற இறுகும் என்பதால் கொஞ்சம் தண்ணீராகவே இறக்கலாம்.

30.08.2025
மீன் ரோல்ஸ். குளத்து ஜப்பான் மீன் (திலாப்பியா) 250 கிராமை அவித்து, முள் எடுத்து, தண்ணீரைப் பிழிந்த பின்பே 400 கிராம் அவித்த உருளைக்கிழங்கோடு சேருங்கள். மேல்தோசைக்குக் கோதுமை மா 250 கிராம், முட்டை 1, தண்ணீர் ஏறத்தாழ 450 மில்லி. ஒரு பக்கம் மட்டும் வேகட்டும், திருப்பிப் போட்டால் மடிக்கையில் வெடிக்கும். கறி சூடாக இருக்கும்போது சுற்றினால் தோசை வேர்த்துக் கிழிந்து, எண்ணெய்க்குள் வாய் திறக்கும். ஓரத்தைக் கோதுமைமாப் பசையால் ஒட்டி, பாண்தூளில் பிரட்டி, அரைமணி நேரம் வைத்துவிட்டுப் பொரியுங்கள்.