பிரின்சிபாலிடம் எல்.ஓ.ஆர். (பரிந்துரைக் கடிதம்) கேட்கப் போகிறீர்களா?

போகாதீர்கள். அவர் உங்களுக்குப் பாடம் எடுத்திருந்தாலோ, பிராஜெக்டைக் கூட இருந்து பார்த்திருந்தாலோ தாராளமாகக் கேளுங்கள். பதவிக்காக மட்டும் வேண்டாம்.

நான் ஒரு பொறியியல் கல்லூரியில் இ.சி.இ. பாடம் எடுக்கிறேன். ஆகஸ்ட் முடிந்தாலே, அமெரிக்காவில் எம்.எஸ்., பிஎச்.டி. படிக்க விண்ணப்பிக்கும் பிள்ளைகள் ஸ்டாஃப் ரூமுக்கு வர ஆரம்பித்துவிடுவார்கள். பெரும்பாலும் மூன்று கடிதம் தேவைப்படும். யார் யாரிடம் கேட்கப் போறே என்றால், "ஹெச்.ஓ.டி., பிரின்சிபால், அப்புறம் நீங்க மேடம்" என்பார்கள். பெரிய பதவி என்றால் எடுபடும் என்று சீனியர் யாராவது சொல்லியிருப்பார்.

எங்களுக்கு வரும் ஆன்லைன் படிவத்தை ஒருமுறை பார்த்தால் அப்படி நினைக்க மாட்டீர்கள். இந்த மாணவரை எவ்வளவு காலமாகத் தெரியும், எப்படித் தெரியும் என்றுதான் தொடங்கும். பல படிவங்களில் அடுத்து ஓர் அட்டவணை இருக்கும். சொந்தமாக யோசிக்கும் திறன், எழுத்து, விடாமுயற்சி என்று ஒவ்வொன்றிலும் இவர் முதல் 5 சதவீதத்தில் வருவாரா, 10-லா, 25-லா என்று டிக் செய்ய வேண்டும். கடைசியில் 'கவனிக்க வாய்ப்பில்லை' என்று ஒரு கட்டம். உங்களை ஆண்டு விழா மேடையில் மட்டும் பார்த்தவர் மனசாட்சிப்படி அதைத்தான் டிக் செய்ய முடியும்.

என் மாணவி ஒருத்தி. சி.ஜி.பி.ஏ. சுமார்தான். மினி பிராஜெக்டில் இ.எஸ்.பி.32 என்ற, வைஃபை உள்ள சின்ன கன்ட்ரோலர் போர்டில் மண் ஈரப்பத சென்சார் வைத்திருந்தாள். வைஃபை ஆன் செய்தால் ரீடிங் வராது. போர்டு போச்சு, புதுசு வாங்கிடலாம் என்றார்கள் கூட இருந்தவர்கள். அவள் டேட்டாஷீட்டோடு உட்கார்ந்துவிட்டாள். சென்சார் சிக்னலை எண்ணாக மாற்றித் தரும் பின்களில் ஏ.டி.சி.2 என்ற தொகுதி வைஃபை ஓடும்போது வேலை செய்யாது என்று கண்டுபிடித்து, ஒயரை அந்தத் தொகுதியில் இல்லாத 34-வது பின்னுக்கு மாற்றினாள். ரீடிங் வந்தது. அப்போது பக்கத்தில் நின்றவர் லேப் பார்த்துக்கொள்ளும் இளம் உதவிப் பேராசிரியர். அவரிடம் கேள் என்றேன். "அவர் இன்னும் பிஎச்.டி. முடிக்கலையே மேடம்" என்று தயங்கினாள். கேட்டாள். நடந்ததை அவர் அப்படியே நாலு வரியில் எழுதிக் கொடுத்தார். 'சின்சியர், ஹார்ட் வொர்க்கிங்' என்று பக்கம் நிறைய எழுதினாலும் அந்த நாலு வரிக்கு ஈடாகாது.

பிஎச்.டி.க்கு என்றால், ஆராய்ச்சி செய்பவர் ஒருவராவது எழுதியே ஆக வேண்டும். அறிவியல் அகாடமிகளின் கோடைக்கால ஃபெல்லோஷிப்பிலோ, ஐ.ஐ.டி.யிலோ இரண்டு மாதம் வேலை பார்த்திருந்தால் அந்த கைடை விடாதீர்கள்.

"நீயே டைப் பண்ணிட்டு வா, சைன் போட்டுத் தரேன்" என்பவரிடம் வாங்காதீர்கள். மூன்று கடிதமும் ஒரே ஆள் எழுதியது என்று படிப்பவருக்குத் தெரிந்துவிடும். அது சரியான காரியமும் இல்லை. அதற்குப் பதில் அவரிடம் என்ன படித்தீர்கள், என்ன செய்தீர்கள், எங்கே சிக்கினீர்கள், எப்படி மீண்டீர்கள் என்று ஒரு பக்கம் எழுதிக் கொடுங்கள். "எனக்கு ஸ்ட்ராங்கா எழுத முடியுமா சார்?" என்று நேராகவே கேளுங்கள். இழுத்தால் நன்றி சொல்லிவிட்டு வேறொருவரைப் பாருங்கள்.

விண்ணப்பத்தில், கடிதத்தைப் பார்க்கும் உரிமையை விட்டுக்கொடுக்கிறீர்களா என்று கேட்பார்கள். அமெரிக்காவின் 1974-ஆம் ஆண்டுச் சட்டம் தருகிற உரிமை அது. விட்டுக்கொடுங்கள், நீங்கள் படிக்க மாட்டீர்கள் என்றால்தான் கடிதத்தை அங்கே நம்புவார்கள்.

பல இடங்களில் டிசம்பர் 15 கடைசி நாள். எங்களுக்கு அது செமஸ்டர் தேர்வும் பேப்பர் திருத்துவதுமாக ஓடும் நேரம். அக்டோபருக்குள் கேட்டுவிடுங்கள். கடிதத்தை ஏற்ற எங்களுக்கு மெயிலில் வரும் லிங்க் ஸ்பாமில் போய் விழும், அனுப்பிய அன்றைக்கே ஒரு போன் போட்டுச் சொல்லிவிடுங்கள். யாரும் கோபித்துக்கொள்ள மாட்டோம்.